இராணுவத்தில் சேர விரும்பும் தம்பிக்கு எந்தப் படிப்பு?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் இந்தியர் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து என்ன படிப்பது? மருத்துவம், பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி என்று எதைச் சொன்னாலும் வழிகாட்டுவதற்கு நம்மிடையே ஓர் அண்ணனோ அக்காளோ இருப்பார். கல்விக் கருத்தரங்குகளும் ஊருக்கு ஊர் நடக்கின்றன. ஆனால் ஒரு பையன் எழுந்து, "நான் இராணுவத்தில் சேர விரும்புகிறேன். அதற்கு எந்தப் படிப்பை எடுக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டால் கூடம் அமைதியாகிவிடும். அந்தத் துறைக்குப் போனவர்கள் நம்மிடம் குறைவு. ஆகவே வழி தெரிந்தவர்களும் குறைவு.

நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். இப்போது அரசுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி. பாலாபெஸ் என்று நாம் சுருக்கமாக அழைக்கும் சேமப்படை அதிகாரிகள் பயிற்சிப் பிரிவிலும் மூன்றாண்டுகளாக இருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் நான் காலணியைத் துடைத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துப் பழகிய உறவினர்கள், இராணுவம் பற்றிய சந்தேகம் எதுவாயினும் என்னிடமே கேட்கத் தொடங்கிவிட்டனர். சித்தி மகன் கேட்டான். பள்ளித் தோழியின் தம்பி கேட்டான். தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் தம் மாணவனுக்காகக் கேட்டார். அவர்களிடம் தனித்தனியே சொன்னதை இங்கே ஒருசேர எழுதுகிறேன். திருக்குறளில் படைமாட்சி, படைச்செருக்கு என்று இரண்டு அதிகாரங்கள் இருப்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், படையில் சேர விரும்பும் ஒரு பிள்ளைக்குச் சரியான வழியைச் சொல்லத் தெரிந்தவர்களாகவும் இருக்க வேண்டாமா?

இராணுவத்துக்கென்று தனிப் படிப்பு உண்டா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இராணுவத்தில் சேர்வதற்கென்று வெளியில் ஒரு படிப்பு கிடையாது. துப்பாக்கி பிடிப்பதையும் அணிவகுப்பதையும் வரைபடம் பார்த்துக் காட்டில் வழி கண்டுபிடிப்பதையும் இராணுவமே கற்றுக்கொடுக்கும். அதைக் கல்லூரியில் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. கல்லூரியில் பெறும் சான்றிதழ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, நீங்கள் சாதாரண வீரராகச் சேர்வதா, அதிகாரியாகச் சேர்வதா என்பதை அது தீர்மானிக்கிறது. மற்றொன்று, உள்ளே போனபின் எந்தப் பிரிவில் உங்களுக்குப் பயன் உண்டு என்பதைக் காட்டுகிறது.

ஆகவே "எந்தப் படிப்பு?" என்ற கேள்விக்கு முன்னால் "எந்த வாசல்?" என்று கேட்க வேண்டும். வாசலைத் தெரிந்துகொண்டால் படிப்பு ஓரளவு தானாகவே தெரிந்துவிடும். அத்தோடு மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. வாசல் திறக்காவிட்டால் இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் இக்கட்டுரையின் சாரம்.

நான்கு வாசல்கள்

முதல் வாசல், எஸ்.பி.எம். முடித்தவுடன் சாதாரண வீரராகச் சேர்வது. தரைப்படையில் இவர்களைப் பெராஜூரிட் மூடா, அதாவது இளம் வீரர் என்பார்கள். போர்ட்டிக்சனில் உள்ள அடிப்படைப் பயிற்சி மையத்தில் ஏறக்குறைய ஆறு மாதப் பயிற்சி. பிறகு ஒரு படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே தொழில் சார்ந்த பயிற்சி பெறுவார்கள். இதற்குக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. ஆனால் எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். 2013 முதல் தேசிய மொழியோடு வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றால்தான் அந்தச் சான்றிதழே கிடைக்கும் என்பதை நம் மாணவர்களில் சிலர் ஐந்தாம் படிவத்திலும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரலாற்றில் கோட்டை விட்டால் இந்த முதல் வாசலே அடைபட்டுவிடும்.

இரண்டாவது வாசல், தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். சுருக்கமாக யூ.பி.என்.எம். கோலாலம்பூர் சுங்கை பீசி முகாமில் 1995-இல் தொடங்கிய இராணுவக் கல்விக்கழகம் 2006-இல் பல்கலைக்கழகமாகத் தரம் உயர்த்தப்பட்டது. எஸ்.பி.எம். முடித்தவர்கள் இங்கே அடிப்படைக் கல்வியில் சேர்ந்து, பிறகு பட்டப்படிப்புக்குப் போகலாம். பொறியியல், கணினி அறிவியல், நிர்வாகம், வியூகவியல், மருத்துவம் என்று துறைகள் உண்டு. பயிற்சி அதிகாரியாகச் சேர்பவர் படிப்போடு இராணுவப் பயிற்சியும் பெற்று, முடிவில் தவுலியா எனப்படும் அதிகாரி நியமன ஆணையைப் பெறுவார். கல்விச் செலவை அரசே ஏற்கிறது. அதற்கு ஈடாகப் பல ஆண்டுகள் கட்டாயமாகச் சேவையாற்ற வேண்டும். ஒப்பந்தத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்காமல் கையெழுத்திடக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பல்கலைக்கழகத்தில் பொதுமாணவர்களும் படிக்கிறார்கள். அங்கே இடம் கிடைத்தது என்பதனாலேயே இராணுவத்தில் இடம் கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. கடிதத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.

மூன்றாவது வாசல், வெளியில் படித்து முடித்தபின் அதிகாரியாக விண்ணப்பிப்பது. எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா, பட்டம் ஆகிய தகுதி உடையவர்களைப் பயிற்சி அதிகாரிகளாக எடுப்பதற்கு அவ்வப்போது விளம்பரம் வரும். தேர்வானவர்கள் போர்ட்டிக்சனில் உள்ள தரைப்படைக் கல்லூரியில் பயிற்சி பெறுவார்கள். மருத்துவர், பல் மருத்துவர் போன்ற நிபுணர்களுக்கும் இராணுவத்தில் இடம் உண்டு.

நான்காவது வாசல் எங்கள் பாலாபெஸ். இது அரசுப் பல்கலைக்கழகங்களில் நடப்பது. எந்தத் துறையில் படிப்பவரும் முதலாம் ஆண்டில் தேர்வுக்குப் போகலாம். மூன்றாண்டுப் பயிற்சி, வார இறுதிப் பயிற்சிகள், ஆண்டு முகாம், பயிற்சி நேரத்துக்குச் சிறு படித்தொகை. முடிவில் சேமப்படையில் இளம் லெப்டினன் பதவி. ஆனால் இது முழுநேர வேலை அன்று. பட்டம் பெற்றபின் நீங்கள் வங்கியிலோ பள்ளியிலோ வேலை செய்துகொண்டே வத்தானியா எனப்படும் பகுதிநேரப் படையில் இருப்பீர்கள். முழுநேரப் படைக்குப் போக வேண்டுமானால் மறுபடியும் விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். இருந்தாலும் இராணுவ வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்பதை, படிப்பைக் கைவிடாமல் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் அணியில் முதலாண்டில் மிகுந்த ஆர்வத்தோடு சேர்ந்த சிலர், மழையில் நனைந்த மூட்டையோடு இரவு நடை நடந்த முதல் முகாமுக்குப் பிறகு விலகிக்கொண்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாழ்க்கை முழுவதையும் ஒப்படைக்கும் முன்பே தெரிந்துகொண்டார்கள்.

இவற்றோடு தேசிய சேவைப் பயிற்சியைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2004-இல் தொடங்கி 2018-இல் நிறுத்தப்பட்ட அத்திட்டம் 2025-இல் 45 நாள் பயிற்சியாக மீண்டும் வந்தது. அதை முடித்தவர் இராணுவத்தில் சேர்ந்துவிட்டவர் ஆகார். மூன்றாம் படிவத்தில் தம்பி இருப்பவர்கள் மட்டும் 1952-இல் நிறுவப்பட்ட அரச இராணுவக் கல்லூரியைப் பற்றியும் விசாரித்து வையுங்கள். அது நான்காம் படிவத்தில் மாணவர்களைச் சேர்க்கும் உறைவிடப் பள்ளி. எஸ்.பி.எம். எழுதியபின் விசாரித்துப் பயனில்லை.

படிப்புக்கு முன் உடல்

கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இராணுவம் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, உடலையும் பார்க்கிறது. சமீப ஆண்டுகளின் அதிகாரி ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் ஆண்களுக்கு 1.62 மீட்டரும் பெண்களுக்கு 1.57 மீட்டரும் குறைந்தபட்ச உயரமாகக் கேட்கப்பட்டன. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு 26.9-ஐத் தாண்டக் கூடாது. வயது வரம்பு ஒவ்வொரு பிரிவுக்கும் வேறுபடும். ஆகவே அந்தந்த ஆண்டு விளம்பரத்தையே நம்ப வேண்டும்; பக்கத்து வீட்டு அண்ணன் பத்தாண்டுக்கு முன் சேர்ந்த கதையை நம்பக் கூடாது.

நிறக்குருடு உள்ளவர்களை எடுக்க மாட்டார்கள். இது ஆண்களிடையே அதிகம் காணப்படும் பிறவிக் குறை. பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா சோதனையைக் கண் கண்ணாடிக் கடைகள் பலவற்றிலும் சில நிமிடங்களில் செய்துவிடலாம். மூன்றாண்டு மின்னியல் டிப்ளோமா படித்து முடித்தபின் இராணுவ மருத்துவர் முன்னால் இதைத் தெரிந்துகொள்வதைவிட, பதினேழு வயதில் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஓட்டம் இன்னொன்று. இராணுவத்தில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் வழக்கமான உடற்தகுதிச் சோதனை. தாமான் திடலில் மாலையில் ஓடத் தொடங்க எந்தக் கல்லூரியின் அனுமதியும் தேவையில்லை.

எந்தப் படிப்பு எந்தப் பிரிவுக்கு?

இராணுவம் என்றதும் நம் கண்முன் வருவது துப்பாக்கியோடு காட்டில் நடக்கும் வீரர்தான். ஆனால் அது ஒரு முழு ஊரைப் போன்றது. அங்கே பாலம் கட்டுபவர், லோரி பழுதுபார்ப்பவர், சம்பளக் கணக்கு எழுதுபவர், பல் பிடுங்குபவர் எல்லாரும் சீருடை அணிந்திருப்பார்கள்.

கட்டுமானப் பொறியியல் படித்தவருக்கு அரச பொறியியல் படைப்பிரிவில் வேலை உண்டு. பாலம் அமைப்பது, கண்ணிவெடி அகற்றுவது, நீர் வசதி செய்வது அவர்கள் பணி. இயந்திரவியல், மின்னியல் படித்தவருக்குக் கவச வாகனம், ஆயுதம் முதலியவற்றைப் பராமரிக்கும் மின் மற்றும் இயந்திரப் பொறியியல் பிரிவு இருக்கிறது. தொலைத்தொடர்பு, கணினி கற்றவருக்குச் செம்போயான் எனப்படும் தகவல் தொடர்புப் பிரிவு. கணக்கியல், தளவாட நிர்வாகம் பயின்றவருக்குப் பொருள் வழங்கல், போக்குவரத்து, பொதுச் சேவைப் பிரிவுகள். மருத்துவம், தாதிமை, மருந்தியல் படித்தவர்களுக்கு வங்சா மாஜூவில் உள்ள துவாங்கு மிசான் இராணுவ மருத்துவமனை, மலாக்கா தெரண்டாக் முகாம் மருத்துவமனை போன்ற இடங்கள். மொழி, அரசியல், அனைத்துலக உறவு படித்தவருக்கும் இடமுண்டு. 2007 முதல் லெபனானில் ஐக்கிய நாட்டு அமைதிப் படையில் நம் வீரர்கள் பணியாற்றி வந்திருக்கிறார்கள். அங்கே ஊர் மக்களிடம் பேசிப் பழகத் தெரிவதும் ஒரு தகுதிதான்.

காலாட்படை அதிகாரியாக விரும்புபவருக்கு எந்தப் பட்டமும் பொருந்தும். அங்கே பாடத்தைவிட, முப்பது பேரை வழிநடத்தும் நிதானத்தையே அதிகம் பார்ப்பார்கள். ஆகவே தனக்குப் பிடிக்காத பொறியியலை "இராணுவம் விரும்புமாம்" என்று எடுத்துத் தோற்பதைவிட, பிடித்த பாடத்தில் நல்ல தேர்ச்சியோடு வருவது சிறந்தது.

ஒரு முகவரும் ஒரு டிப்ளோமாவும்

இனி என் சித்தி மகன் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்.பி.எம். தேர்வில் தேசிய மொழியிலும் கணிதத்திலும் சிறப்புத் தேர்ச்சி. வரலாற்றில் தேர்ச்சி. கூடுதல் கணிதத்தில் மட்டும் கால் இடறியது. ஆகவே யூ.பி.என்.எம். பொறியியல் அடிப்படைக் கல்விக்கு அவனால் போக முடியவில்லை. வீட்டில் இரண்டு கட்சி. சித்தப்பா லோரி ஓட்டுநர். "இராணுவத்துக்குப் போறவனுக்கு எதுக்கு டிப்ளோமா? நேரா போய்ச் சேரட்டும்" என்றார். சித்தி, "முதல்ல ஒரு படிப்பு இருக்கட்டும்மா. நாளைக்கே அவங்க வேணாம்னு அனுப்பிட்டா இவன் எங்க போய் நிப்பான்?" என்று என்னிடம் கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

இதற்கிடையே ஒரு தனியார் கல்லூரியின் முகவர் வீட்டுக்கு வந்து போயிருந்தார். பாதுகாப்பு நிர்வாகம் என்ற பெயரில் ஒரு டிப்ளோமா. அட்டையில் சீருடை அணிந்த இளைஞர் படம். "இதை முடித்தால் இராணுவத்தில் நேரே அதிகாரி வேலை" என்பது அவர் வாக்குறுதி. கட்டணம் இருபதாயிரம் ரிங்கிட்டுக்கும் மேல். முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அவசரப்படுத்தியிருந்தார். சித்தி தம் தாலிக்கொடியை அடகு வைப்பது வரை யோசித்துவிட்டார்.

நான் தம்பியிடம் மூன்று கேள்விகளை மட்டும் அந்த முகவரிடம் கேட்கச் சொன்னேன். இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கிடைக்குமா? நேரே அதிகாரி வேலை என்பதற்குத் தற்காப்பு அமைச்சின் எழுத்துப்பூர்வமான உறுதி உண்டா? அவர் முதல் கேள்விக்கு "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றார். இரண்டாவதற்கு "தவணையில் கட்டலாம்" என்றார். மூன்றாவதற்குச் சிரித்தார்.

எம்.கியூ.ஏ. பதிவேட்டை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அன்றிரவே நானும் தம்பியும் பார்த்தோம். கல்லூரியின் வேறு சில படிப்புகள் இருந்தன. அந்த டிப்ளோமா இல்லை. அங்கீகாரமில்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு இராணுவத்துக்கு மட்டுமல்ல, வேறெந்த அரசு வேலைக்கும் போக முடியாது. அங்கீகாரம் பெற்ற படிப்பாகவே இருந்தாலும் "நேரே வேலை" என்று எந்தக் கல்லூரியாலும் சொல்ல முடியாது. ஆள் எடுப்பது இராணுவம், கல்லூரி அன்று. அதேபோல் விண்ணப்பத்தை நீங்களே அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் செய்யலாம். "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று பணம் கேட்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடைசியில் தம்பி முன்னிருந்த தேர்வுகள் மூன்று: ஆறாம் படிவம், போலிடெக்னிக், நேராகப் பெராஜூரிட் மூடா. ஆறாம் படிவத்துக்குச் செலவு மிகக் குறைவு. அங்கிருந்து அரசுப் பல்கலைக்கழகமும் பாலாபெஸும் எட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அவனுக்குப் புத்தகத்தைவிடக் கைவேலையில் நாட்டம். சித்தப்பாவின் லோரிக்கு அடியில் படுத்துக் கிடந்தே வளர்ந்தவன். போலிடெக்னிக் இயந்திரவியல் டிப்ளோமா மூன்றாண்டு. அரசு நிறுவனமாகையால் ஒரு பருவத்துக்குக் கட்டணம் ஏறக்குறைய 200 ரிங்கிட். முகவர் சொன்ன தொகையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் அதைத் தேர்ந்தெடுத்தான். டிப்ளோமா முடிந்ததும் பயிற்சி அதிகாரிக்கு விண்ணப்பிப்பான். கிடைக்காவிட்டால் பட்டப்படிப்புக்குப் போய்ப் பாலாபெஸில் முயல்வான். அதுவும் இல்லையென்றால் வாகனத் தொழிலில் சம்பாதிப்பான். மூன்று வழியிலும் அந்தச் சான்றிதழ் வீணாகாது. சித்தப்பாவுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. "மூணு வருஷம் வீணாப்போகுது" என்கிறார். அவருக்கு நான் சொன்ன பதில் அடுத்த பகுதியில் இருக்கிறது.

நாற்பது வயதுக் கணக்கு

சாதாரண வீரராகச் சேர்பவர்களில் பலர் 21 ஆண்டுச் சேவையோடு ஓய்வு பெற்றிருக்கிறார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு அப்போது நாற்பதுகூட நிரம்பியிருக்காது. பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் இருப்பார்கள். வீட்டுக் கடன் பாதி நிற்கும். ஆக, இராணுவத்துக்குப் போகிறவர் ஒரு வேலைக்கு அல்ல, இரண்டு வேலைகளுக்குத் தயாராக வேண்டும். ஓய்வு பெறும் வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி தருவதற்கென்றே சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் என்ற அமைப்பு இயங்குகிறது. அப்படி ஒன்று தேவைப்படுகிறது என்பதே நமக்குச் செய்தி சொல்கிறது.

எனவே பெராஜூரிட் மூடாவாகவே போக விரும்பும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்வேன். அது தாழ்ந்த வாசல் அன்று. வீரராகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர்களும் உண்டு. குடும்பச் சூழல் உடனே சம்பாதிக்கச் சொன்னால் தயங்காமல் போங்கள். ஆனால் உள்ளே தொழிற்பிரிவு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால், வெளியிலும் விலைபோகும் தொழிலைக் கேளுங்கள். வாகனப் பழுது, மின் இணைப்பு, தகவல் தொடர்பு, மருத்துவ உதவி ஆகியவை அப்படிப்பட்டவை. சேர்வதற்கு முன் ஓராண்டு கிடைத்தால் மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நமக்கு இடம் உண்டா?

இது வெளியில் கேட்கத் தயங்கும் கேள்வி. ஆனால் எல்லா வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்வோம். 1933-இல் தொடங்கிய அரச மலாய்ப் படைப்பிரிவில் மலாய்க்காரர்களை மட்டுமே சேர்க்கிறார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 8-ஆவது விதி அதற்கு இடமளிக்கிறது. காலாட்படையில் சேர விரும்பும் நம் பிள்ளைகளுக்கு எல்லா இனத்தவரும் இருக்கும் அரச ரெஞ்சர் படைப்பிரிவு உண்டு. பீரங்கி, கவசம், பொறியியல், தகவல் தொடர்பு முதலிய பிரிவுகளும் எல்லா இனத்தவருக்கும் உரியவை. கூட்டரசுச் சேவையில் ஒரே நிலையில் உள்ளவர்களை இன வேறுபாடின்றி நடத்த வேண்டும் என்று அதே அரசியலமைப்பின் 136-ஆவது விதி கூறுகிறது. ஆயுதப் படையும் அந்தச் சேவைக்குள் அடங்கும்.

தரைப்படையில் இல்லாவிட்டாலும் கடற்படையில் நமக்கொரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. டான் ஶ்ரீ கே. தனபாலசிங்கம் 1967-இல் அரச மலேசியக் கடற்படையின் தலைவரானபோது அவருக்கு வயது 31. அப்பதவியில் அமர்ந்த முதல் மலேசியர் அவர். 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவரைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோமே தவிர, அவர் போன வழியில் எத்தனை விண்ணப்பங்கள் நம் வீடுகளிலிருந்து போகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிக்கை குறைவு என்று மேடையில் வருந்துகிறோம். விண்ணப்பிக்காதவர்களின் எண்ணிக்கையை எவரும் குறித்து வைப்பதில்லை.

மொழி பற்றிய பயமும் உண்டு. பயிற்சித் திடலில் கட்டளைகள் அனைத்தும் தேசிய மொழியில்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்தபோது என்னுடன் படித்த சிலர் புதுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டே முதலாம் படிவத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று எங்கள் பாலாபெஸ் அணிக்குக் கட்டளையிடுகிறார். தமிழில் தொடங்கியது யாருடைய காலையும் கட்டிப்போடவில்லை. ஆனால் தேசிய மொழியில் சிறப்புத் தேர்ச்சி இல்லாவிட்டால் அதிகாரி வாசலில் நிற்பதே கடினம். இதைத் தமிழ்ப்பள்ளியிலேயே நம் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோரின் அச்சம்

2017-இல் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சி மாணவர் சக மாணவர்களின் கொடுமையால் உயிரிழந்தார். நாட்டையே உலுக்கிய அந்த வழக்கைப் பெற்றோர்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. "ஒரே பிள்ளையை அங்கே எப்படி அனுப்புவது?" என்று ஒரு தாய் கேட்டால் அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையோடு வாரந்தோறும் பேசுங்கள். மூத்த மாணவர் அடித்தால் அதைப் பயிற்சி என்று பொறுத்துக்கொள்ளாமல் மேலதிகாரியிடமும் வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லி அனுப்புங்கள். கடுமையான பயிற்சிக்கும் கொடுமைக்கும் வேறுபாடு உண்டு. பயிற்சியில் பயிற்றுநர் நம்மோடு சேர்ந்து நனைவார். கொடுமை அறைக் கதவை மூடிக்கொண்டு நடக்கும்.

முடிவாகச் சில சொற்கள்

இவ்வளவும் படித்த பிறகு உங்களிடம் ஒரு தம்பியோ தங்கையோ வந்து கேட்டால் இவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். முதலில் உடலைச் சோதித்துக்கொள். பிறகு இந்த ஆண்டு விளம்பரத்தை எடுத்து, உன் சான்றிதழுக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார். அந்த வாசலுக்குப் பொருந்துகிற படிப்புகளில், இராணுவம் வேண்டாம் என்றாலும் உனக்குச் சோறு போடக்கூடியது எது என்று தேர்ந்தெடு. அதற்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பதிவேட்டில் நீயே பார். பள்ளியில் இருக்கும்போதே சீருடை இயக்கத்தில் சேர். அரசுப் பல்கலைக்கழக நுழைவில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உண்டு.

நம் மொழிக் கழகம் ஆண்டுதோறும் எஸ்.பி.எம். மாணவர்களுக்காக வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் நாற்காலி போடுகிறோம். அடுத்த முறை இராணுவத்தில் பணியாற்றும், அல்லது பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் இந்தியரையும் அழைத்து உட்காரவைப்போம். முன்னாள் மாணவர்களே, உங்களில் எவரேனும் சீருடை அணிந்திருந்தால், எவர் வீட்டிலேனும் அப்படி ஒருவர் இருந்தால், கழகத்துக்குத் தெரிவியுங்கள். நான் எழுதியது மூன்றாண்டுச் சனிக்கிழமைகளில் கற்றது. இருபதாண்டுகள் பணியாற்றிய ஒருவர் வந்து பேசினால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் பல விவரம் கிடைக்கும்.